என்ன தண்ணீர் குடித்தாள்?

என் மாமனார் வீட்டிலிருந்து பல்லடம் மெயின் ரோட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். பாதி தூரம் நடந்த பிறகுதான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது காலுக்கு உறைத்தது. நடுப்பகல், தார் இளகிக் கிடந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் நான் வாசலில் கால் வைத்தால் அவர் மறுபடியும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். மாப்பிள்ளை வந்தால் மாமனார் எழுந்து நிற்பது அந்த வீட்டு வழக்கம். பத்து நிமிடத்துக்கு முன்பு என்னை அனுப்பி வைத்தபோதும் நின்றபடிதான் பேசினார்.

“மாப்ள, நீங்க போய்ட்டு வாங்க. அம்மிணியும் புள்ளையும் இங்கயே இருக்கட்டுமுங்க. நாங்க கூப்புடறப்ப வந்தீங்கன்னாப் போதுமுங்க.”

ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. கை நீட்டி அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. நடந்தேன்.

நாங்கள் பாலைவனம் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தோம். நான், என் மனைவி, ஒன்பது வயது மகள்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவன் நான். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து மடித்து அடுக்குகிற வேலை. அதற்குப் பிறகு கட்டிங், அயர்ன், வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை, அப்புறம் லாரி. ஒரே இடத்தில் ஆறு மாதம் தாண்டினால் எனக்கு மூச்சு முட்டும். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் இருந்தேன். நான்கு முறை வீட்டை விட்டுப் போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை சொல்லாமல். கடைசியாகப் போனபோது பத்து மாதம் வடக்கே லாரி ஓட்டினேன். ராஜஸ்தான் மணல்காட்டு ரோடுகள் எல்லாம் அப்போது பழகியவை.

திரும்பி வந்தபோது வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டுக் கதவை என் மனைவி உடனே திறந்துவிட்டாள். அவள் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். துணியை விரித்துப் பார்த்து ஓட்டை, கறை, தையல் பிசகு எல்லாம் கண்டுபிடிக்கிற வேலை. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

“ஏனுங்க, இதுதான் கடேசி. இன்னொரு தடவ எம்பட புருசன் எங்கன்னு கேக்கறவீகளுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கப்பா ஊட்டுக்குப் போயிருவேன்.”

“இனிப் போகமாட்டேன் அம்மிணி.”

“போனதடவையும் இதயேதான் சொன்னீங்க. சோத்தத் தின்னுங்க.”

மகளுக்கு வேறு கவலை. “பாலைவனத்துல மணல் மட்டுந்தான் இருக்குமாங்கப்பா? அப்ப பஸ்ஸுக்கு நிக்கறவங்க எங்க நிப்பாங்க?”

நேரிலேயே காட்டுகிறேன் என்று சொன்னது அப்படித்தான். மே மாத லீவில் மூன்று பேரும் வண்டியில் போவோம் என்றேன். மகளுக்காகச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். உண்மையில் அது எனக்காக. நான் எதைப் பார்க்க ஓடினேன் என்று இவர்கள் இருவரும் ஒரு முறை பார்த்துவிட்டால், இவர்களை வேண்டாம் என்று நான் ஓடவில்லை என்பது புரிந்துவிடும் என்று நம்பினேன்.

ஒரு பனியன் கம்பெனி கழித்துக் கட்டிய பழைய வேன் கிடைத்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, தையல் பிசகிக் கழிந்த செகண்ட்ஸ் பனியன் மூட்டை இரண்டைப் போட்டேன். வழியில் விற்றால் டீசலுக்கு ஆகும், அதுவரை மகளுக்கு மெத்தை. பக்கத்து வீட்டில் பீகார்க் குடும்பம். அந்த வீட்டுக்காரர் வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணா, மே மாசம் அங்கே இருக்கிற ஆளே இங்கே ஓடி வருது. நீ அங்கே போகுது?”

அவருடைய பிள்ளைகளோடு விளையாடியே என் மகள் இரண்டு வருடத்தில் இந்தி பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். அவர்களோடு சண்டை போடுவது முழுக்க இந்தியில்தான். என் மனைவிக்கு செக்கிங் டேபிளில் வடக்கத்திப் பெண்களிடம் கற்ற பத்து இருபது சொற்கள்தான்.

இனி கேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் வருகிற பிளாஸ்டிக் கேன்கள் காலியானதும் பழைய கடைக்குப் போகும். அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். உப்புத்தண்ணீர் பிடித்து வைக்க, துணி அலச, பாத்திரம் கழுவ என்று எங்கள் லைனில் அந்தக் கேன் இல்லாத வீடு கிடையாது. சிலர் நன்றாகக் கழுவிவிட்டுக் குடிக்கவும் பிடித்து வைப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, ஆனதாகச் சொன்னதில்லை. நான் பட்டறையில் இருந்தபோது கொண்டு வந்த வெள்ளைக் கேன் ஒன்று வீட்டில் இருந்தது. சோப்புப் போட்டு, மணல் போட்டு, புளி போட்டுக் குலுக்கிக் கழுவினேன். ஆற்றுக் குடிநீரை நிரப்பி வேனின் மேல் கேரியரில் கட்டினேன்.

என் மனைவி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எதுக்குங்க?”

“ரேடியேட்டருக்கு, கை கால் கழுவ. அவசரத்துக்குக் குடிக்கவும் ஆகும்.”

“நீங்க குடிச்சுக்குங்க. அதுல ஒரு சொட்டு புள்ள வாயில போச்சுன்னா அன்னைக்கோட முடிஞ்சதுங்க நம்ம கத. புள்ளைக்குக் கடைத் தண்ணி வாங்கோணும்.”

“வாங்கலாம், வாங்கலாம்.”

வாங்கினேன். மூன்று நாளும் வாங்கினேன். அந்த மூன்று நாளும் நன்றாக இருந்தோம் என்பதை எழுதத்தான் வேண்டும். மனைவி முன்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பகலில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு தாபாவில் ரொட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா ரொட்டிய செக்கிங் பண்றாங்கப்பா.”

“ஓட்டை இருக்குது. ரிஜக்ட்” என்றாள் அவள்.

நான்காம் நாள் காலையில் மணல்காடு தொடங்கியது. நான் சொல்லி வைத்திருந்த மாதிரி உடனே மணல்மேடு வரவில்லை. இரண்டு பக்கமும் காய்ந்த நிலம், கல், முள்ளு. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இது சீமக்கருவேலமுங்கப்பா. நம்ம பல்லடம் ரோட்டாட்டமே இருக்குது.”

“நாலு நாளு உக்காந்து வந்தது பல்லடத்தப் பாக்கறக்குத்தானா?” என்று என் மனைவி அவளோடு சேர்ந்துகொண்டாள். “எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருந்தா மோராவது கெடச்சிருக்கும்.”

அதற்குப் பிறகு மணல் வந்தது. ரோட்டின் மேலேயே மஞ்சளாக ஊர்ந்து வந்து மூடியது. இருவரும் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஓர் இடத்தில் வேனை நிறுத்தினேன். மகள் இறங்கி ஓடினாள். செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியதும் அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். என் மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்த மேட்டைப் பார்த்தாள். “இதப் பாக்கறக்குத்தான் வந்தீங்களா?” என்று கேட்டாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஆமாம் என்றேன். “செரி” என்றாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

வெயில் ஏற ஏற வேனுக்குள் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி ஆயிற்று. ஜன்னலைத் திறந்தால் காற்றல்ல, அனல். என் மனைவி தலைவலி என்று பனியன் மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகள் முன்சீட்டுக்கு வந்தாள். வாங்கி வைத்த பாட்டில்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. அடுத்த ஊர் அறுபது கிலோமீட்டர் என்று போர்டு காட்டியது. கடை ஒன்று வரும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வந்த ஒரு கடையும் பூட்டிக் கிடந்தது.

“அப்பா, தண்ணி.”

“வந்துரும் கண்ணு.”

“நாக்கு ஒட்டுதுங்கப்பா.”

மூன்று நாளாக நான் அந்தக் கேன் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேனை ஓரம் கட்டினேன். மேலே ஏறிப் பார்த்தால் கேனில் அடித்தண்ணீர்தான் இருந்தது. நான்கு நாள் வெயில் குடித்து பிளாஸ்டிக் இளகியிருந்தது. கேனைச் சாய்த்து, ஒரு புதுப் பனியனை நான்காக மடித்து வடிகட்டி, அவளுடைய ஸ்கூல் பாட்டிலில் பிடித்தேன். முக்கால் பாட்டில் வந்தது. ஒரே மூச்சில் பாதிக்கு மேல் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“கசக்குதுங்கப்பா.”

“சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும். அம்மாகிட்டச் சொல்லாதே கண்ணு. அம்மா சண்டை புடிப்பா.”

“செரிங்கப்பா.”

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வாந்தி தொடங்கிவிட்டது. முதலில் தண்ணீராக, பிறகு நுரையாக. என் மனைவி பதறி எழுந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். “வெயிலுங்க, வெயிலு, நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வேனின் வேகத்தைக் கூட்டினேன். அந்த ஊரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் இளவயதுக்காரர். அங்கே அன்று படுத்திருந்த பாதிப் பேர் வெயில் அடித்து வந்தவர்கள். அவர் என் மகளின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு இந்தியில் என்னிடம் கேட்டார். காலையிலிருந்து என்ன சாப்பிட்டாள், என்ன தண்ணீர் குடித்தாள்?

என் மனைவிக்கு அது புரியவில்லை. “ஏனுங்க, என்ன கேக்கறாரு?”

வேனுக்குக் கீழே நின்று அவள் சொன்னது காதில் கேட்டது. அன்றைக்கோடு முடிந்தது நம் கதை.

டாக்டரிடம், “பாட்டில் தண்ணீர்தான் சார், கடையில் வாங்கியது” என்று இந்தியில் சொன்னேன். மனைவியிடம், “வெயில்ல எவ்வளவு நேரம் இருந்தான்னு கேக்கறார்” என்றேன்.

மகள் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டது அவளுக்குப் புரிந்தது. நான் அவருக்குச் சொன்னதும் புரிந்தது, அவளுடைய அம்மாவுக்குச் சொன்னதும் புரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லாதே என்று கேட்டிருந்தேன், அவள் சரி என்று சொல்லியிருந்தாள்.

வெயிலுக்கான வைத்தியம் நடந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஈரத்துணி போட்டார்கள். நான் நடைபாதையில் போய் நின்றேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இப்போது தெளிந்துவிடும், தெளிந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்ச் சொல்ல எட்டு அடிதான். அந்த எட்டு அடியை நடக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் என் மனைவி அந்த ஸ்கூல் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கலாம் என்று மூடியைத் திறந்திருக்கிறாள்.

“இது எந்தத் தண்ணிங்க?”

“எது?”

“பதிமூணு வருசமாத் துணி பாக்கறவ நான். இது பட்டறை வாடை.”

சொன்னேன். அவள் கத்தவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரின் அறைக்குள் போனாள். தன்னிடம் இருந்த அத்தனை இந்தியையும் கொட்டினாள். “கெமிக்கல், டிப்பா, பானி, மேரா பேட்டி.” கெமிக்கல், டப்பா, தண்ணீர், என் மகள், அவ்வளவுதான். அவர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார். உடனே எழுந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, கேனில் என்ன கெமிக்கல் இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் ஒரு கேனில் இருப்பதை இன்னொன்றில் ஊற்றுவார்கள், மாற்றுவார்கள். அதில் கடைசியாக என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்றார். ஆம்புலன்சுக்கு ஃபோன் போட்டார்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிழைத்துக்கொண்டாள். தொண்டை புண்ணாகிக் குரல் கரகரத்துவிட்டது. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது, மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றார்கள். வேனை அங்கேயே விற்றேன். பதினோரு நாளும் என் மனைவி என்னிடம் பேசியது மருந்துச் சீட்டு, டீ, பணம் இவற்றைப் பற்றி மட்டும். “இதை வாங்கிட்டு வாங்க” என்பாள். வாங்கிக்கொண்டு வந்ததும் பில்லை எடுத்து, மருந்துப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அட்டையோடு ஒத்துப் பார்ப்பாள். நான் வாங்கி வந்ததை நான் இருக்கும்போதே அப்படிப் பார்த்தாள்.

ரயிலில் திரும்பினோம். இரண்டாம் நாள் என் மனைவி முகம் கழுவப் போயிருந்தாள். ஜன்னலோரம் படுத்திருந்த மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, டாக்டர் கேட்டப்ப நீங்க சொல்லீருவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க.”

கோபம் இல்லை. பஸ் வரும் என்று நின்றிருந்தேன், வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவள் காலைப் பிடித்துவிட்டேன். காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, “கூசுதுங்கப்பா” என்றாள்.

திருப்பூர் ஸ்டேஷனில் மாமனார் காரோடு நின்றார். என்னையும் ஏறச் சொன்னார். பல்லடம் வீட்டில் இலை போட்டு எனக்குத் தனியாகச் சோறு வைத்தார்கள். மாமியார் பரிமாறினார். “இன்னும் சித்த ரசம் ஊத்தட்டுமுங்களா?” என்று கேட்டார். என் மனைவி உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்ததும்தான் மாமனார் எழுந்து நின்று ‘நீங்க போய்ட்டு வாங்க’ என்று சொன்னார். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வரட்டுமா கண்ணு?”

“செரிங்கப்பா. பாத்துப் போங்க.”

அவள் அப்புச்சியின், என் மாமனாரின், மரியாதை அவளுக்கும் வந்திருந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்தேன். பாதம் கொப்பளித்திருந்தது. கோயமுத்தூர், உடுமலை, பொள்ளாச்சி, திருச்சி என்று ஒவ்வொரு தனியார் பஸ்ஸாக வந்து நின்றது. கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஒருவர் என்னையே பார்த்து, “ஏறுங்க அண்ணா, சீட் இருக்குது” என்றார். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஏறியிருப்பேன். எங்கே போகிறது என்று கூடப் பார்த்திருக்கமாட்டேன். அன்றைக்கும் ஒரு பஸ்ஸின் படிக்கம்பி வரை கை போனது. விசில் அடித்ததும் கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை பஸ் போனது என்று தெரியாது. இருட்டியதும் ஸ்டாப்புக்குப் பின்னாலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் டீக்கடையில் ஒருவர் கறிக்கோழிப் பண்ணைக்கு ஆள் கேட்டு வந்தார். பெரியவர், வெள்ளை வேட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பண்ணை வேல தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க. சொன்னாச் செய்வேனுங்க.”

“வேல கெடக்குதுங்க, அது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. ஒரு பேட்ச் நாப்பது நாளு. குஞ்சு எறங்கறதுல இருந்து கோழி ஏத்தற வரைக்கும் ஷெட்ட உட்டு நவுரக்கூடாது. போன ஆளு பதினஞ்சாம் நாளு ஃபோன ஆஃப் பண்ணிப்போட்டு ஓடீட்டானுங்க. நீங்க இருப்பீங்களா?”

“இருப்பேனுங்க.”

“குடும்பமுங்க?”

“இங்க பல்லடத்துலதானுங்க இருக்காங்க.”

“அப்பச் செரி. பொழுதோட போய் எட்டிப் பாத்துட்டு வந்துக்கலாம்.”

நான் தலையை ஆட்டினேன். அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தார். பின்னால் ஏறிக்கொண்டேன். பண்ணை அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். நீளமான ஷெட், இரண்டு பக்கமும் கம்பிவலை, உள்ளே காலியாக இருந்தது. மத்தியானம் குஞ்சு வருகிறது, அதற்குள் தரை முழுவதும் தேங்காய் நார்த்தூளான தென்னை மஞ்சி பரப்பிவிட வேண்டும் என்றார். மூலையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்துக் கொட்டினேன். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, சுவரோரத்திலிருந்து இழுத்துப் பரப்பத் தொடங்கினேன்.